பெரட்டில் வாசித்த கடிதம்

எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் உளவளத்துணை அறை திறந்த அழகைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு இப்போதெல்லாம் வருவதில்லை. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பாற்சோறு வெட்டினார்கள், ‘மனம் திறப்போம்’ என்று எட்டடி நீளத்துக்குப் பேனர் கட்டினார்கள். பணிப்பாளர் சண்முகராஜா முக்கால் மணி நேரம் பேசினார். தோட்டத்துப் பிள்ளைகள் கூச்சப்படாமல் வந்து மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டுமாம். மனசுக்கு வருகிற நோயும் காய்ச்சல் மாதிரிதானாம். இவ்வளவும் பேசிவிட்டு அந்த அறையை எங்கே ஒதுக்கினார் தெரியுமா? தன் அறைக்கும் நாங்கள் எழுத்து வேலை பார்க்கிற கந்தோருக்கும் நடுவில், போகிற வருகிற எல்லோரும் எட்டிப் பார்க்கிற வராந்தாவில். கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் மூன்று மொழியிலும் போர்டு. உள்ளே நுழைகிற பிள்ளையை எந்த மொழியில் கேலி செய்வது என்று யாரும் திண்டாடத் தேவையில்லை.

நான் அந்தக் கந்தோரில் தமிழ்ப் பிரிவு எழுதுவினைஞர், பெயர் விஜயலெட்சுமி. பிறந்தது நமுனுகுலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் ஒற்றைக் காம்பிராவில். இருபத்திரண்டு வருடமாகப் பதுளை டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பணிப்பாளரோ பஜாரில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. தோட்டம் என்றால் அவருக்கு பஸ் ஜன்னலில் தெரிகிற பச்சை, அவ்வளவுதான். அவருக்குத் தோட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று நான் எத்தனையோ தடவை வாய்க்குள் திட்டியிருக்கிறேன்.

முதல் மூன்று மாதத்தில் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுகூட அந்த அறைக்குப் போகவில்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள் இரண்டு பேர், அதுவும் பையன்கள். உடனே பணிப்பாளர் போஸ்டர் போட்டி வைத்தார். பிறகு நடைபவனி. ‘நான் பேசுவேன்’ என்று நெஞ்சில் அச்சடித்த மஞ்சள் டீசேர்ட்டை நூற்றைம்பது பிள்ளைகளுக்கும் மாட்டிவிட்டு, பஸ் நிலையத்தைச் சுற்றி ஊர்வலம் கூட்டிப்போனார். ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அந்த டீசேர்ட்டில் ஒன்று எங்கள் காவலாளியின் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் மூளை என்று ஒன்று இருந்தது உளவளத்துணையாளர் றிஸ்னியிடம் மட்டும்தான். செவ்வாயும் வியாழனும் பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பது வயதுப் பெண், அதிகம் பேச மாட்டார். ஜன்னலுக்குத் திரை கேட்டு மூன்று மாதம் கடிதம் எழுதிப் பார்த்தார். பிறகு தன் வீட்டுத் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு வந்து அவரே மாட்டினார்.

பிரஷாந்தினியை நான் கவனித்தது வரவுப் பதிவேட்டில். தையல் இயந்திரப் பாடநெறியில் படிக்கிற பிள்ளை, வயது இருபது, ஊசிமலைத் தோட்டத்திலிருந்து வருகிறாள். காலையில் வகுப்புக்கு ஒழுங்காகக் கையெழுத்து இருக்கும், மெஷின் அறையில் செய்முறை தொடங்குகிற நேரத்தில் ஆளைக் காணோம். பையன்களோடு சுற்றுகிறாளாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைக் கண்டேன். வியர்த்துக் கொட்டியிருந்தது, இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தாள். திட்டப் போன நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மெல்ல மெல்லத்தான் சொன்னாள். எட்டு மாதத்துக்கு முன்னால் மலையில் பருந்து ஒன்று குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டிருக்கிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்களும் கண் மண் தெரியாமல் ஓடினார்கள். எட்டுப் பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், ஏழு பேர் திரும்பி வந்தார்கள். திரும்பாதவர் இவளுடைய அப்பா அழகையா. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் இவள்தான். பாதையில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

“முப்பது மெஷினும் ஒண்ணா ஓடுறப்ப எனக்கு அந்தச் சத்தந்தான் கேக்குது மிஸ். கை வெரைச்சுப் போகுது, மூச்சு வரமாட்டேங்குது. வெளிய சொன்னா பைத்தியம்னுதான் சொல்லுவாங்க.”

ஜூனில் பரீட்சை. வரவு எண்பது வீதம் இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார விட மாட்டார்கள். சான்றிதழ் கிடைத்தால் பண்டாரவளையில் ஒரு தையல் நிலையத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கிடைக்காவிட்டால் அப்பா விழுந்த அதே மலையில் அவளும் கூடையை மாட்ட வேண்டியதுதான். எண்பது வீதத்தைத் தொட அவளால் இனிமேல் பத்து நாள்கூடத் தவற விட முடியாது என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். றிஸ்னியிடம் போகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். லயத்தில் தெரிந்தால் அம்மா தலைநிமிர்ந்து நடக்க முடியாது, தங்கச்சிக்கு நாளைக்கு மாப்பிள்ளைகூடக் கிடைக்காது என்றாள். நானாவது பெரிய மனுஷியாக யோசித்துப் பேசியிருக்கலாம். அவள் தலையைத் தொட்டு வாக்குக் கொடுத்தேன்.

“ஈ காக்காவுக்குத் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பு.”

பணிப்பாளர் பன்னிரண்டரைக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு இரண்டு மணிக்குத்தான் வருவார். கல்லூரிக்கு அவர் செய்கிற ஒரே உருப்படியான உதவி அந்தத் தூக்கம்தான். அந்த நேரத்தில், வியாழன்தோறும், களஞ்சியப் பக்கக் கதவால் பிரஷாந்தினியை உள்ளே விட்டேன். றிஸ்னி என்ன செய்தார் என்று எனக்கு முழுக்கத் தெரியாது. மூன்றாவது வாரம் ஒரே ஒரு மெஷினைத் தன் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஐந்தாவது வாரம் அந்தப் பிள்ளை அரை முழம் துணியில் நேர் தையல் ஒன்று ஓட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம். அவளைப் பார்த்து வேறு தோட்டங்களிலிருந்தும் ஐந்து பிள்ளைகள் அதே பக்கக் கதவால் வரத் தொடங்கினார்கள். எட்டடி பேனரும் நடைபவனியும் செய்யாததை ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் காதில் சொல்லிச் செய்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடுவார்களா? தலைமையகத்திலிருந்து அறிக்கை கேட்டார்கள். எத்தனை தோட்டத்து மாணவர்கள் பயன் பெற்றார்கள் என்று ஒரு கட்டம் போட்டிருந்தது. கந்தோர் வழக்கப்படி நான் பெயர் எழுதி வைத்த பதிவேட்டைப் பார்த்து அந்தக் கட்டத்தில் ஆறு என்று எழுதக் கிடைத்ததும் பணிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. என்னமோ அவரே வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்த மாதிரி நடந்துகொண்டார். உடனே பெற்றோர் கூட்டம் வைக்க வேண்டும், மாகாணத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட வேண்டும், படம் எடுக்க வேண்டும். டவுன் பிள்ளைகள் ஐந்து பேரும் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேருமாகப் பதினொரு வீட்டுக்குக் கடிதம் போட வேண்டும். இதற்கென்று ‘மனநலச் சேவைப் பிரிவு’ என்று கொட்டை எழுத்தில் ரப்பர் முத்திரை ஒன்றும் செய்து வைத்திருந்தார். புதுப் பேனா வாங்கிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி அதைக் காகிதத்தில் குத்திக் குத்திப் பார்த்தார்.

றிஸ்னி மிஸ்ஸைக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று சொன்னேன். அவர் அந்த வாரம் கொழும்பில் பயிற்சிக்குப் போயிருந்தார். நல்ல காரியத்துக்கு எதற்கு அனுமதி என்று பணிப்பாளர் கேட்டார். நான் மேலே வாதாடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது பெரிய தப்பாகப் படவில்லை. பெற்ற தாய்க்குத்தானே போகிறது என்று நினைத்தேன். கடிதத்தைப் படித்துப் பார்த்தேன், கூட்டத்துக்கு வாருங்கள் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. உறையைப் பசை போட்டு ஒட்டுகிறோம், வேறு யார் பிரிக்கப் போகிறார்கள். பதினொரு உறையிலும் நானே முகவரி எழுதினேன், நானே முத்திரை குத்தினேன். மேல் பக்கம், நன்றாகத் தெரிகிற இடத்தில்.

இப்போது கேளுங்கள் கூத்தை. டவுன் பிள்ளைகளின் கடிதம் வீட்டு வாசலில் விழுந்தது, அவர்களே எடுத்து மறைத்துக்கொண்டார்கள். லயத்துக்கு அப்படித் தனி முகவரி ஏது? தபால்காரர் தோட்டத்து ஆபீசோடு நின்றுவிடுவார். கட்டாக வருகிற கடிதங்களை ஆபீசில் டிவிஷன் வாரியாகப் பிரிப்பார்கள். மறுநாள் விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குக் கணக்கப்பிள்ளை அதைக் கொண்டுபோவார். அறுபது எழுபது பேர் நிற்கிற இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். வயது வந்த பிள்ளையின் பரீட்சை முடிவோ, ஆஸ்பத்திரித் துண்டோ, எதுவானாலும் அப்படித்தான். எனக்கு இந்த வேலை கிடைத்த கடிதமே அப்படித்தான் வந்தது. நான் பார்ப்பதற்கு முன்னால் லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. இருபத்திரண்டு வருடம் டவுனில் இருந்து கேட்டைத் திறந்து கடிதம் எடுத்த கொழுப்பில், அதை மறந்து தொலைத்தேன். பணிப்பாளருக்குத் தெரியாதது அவர் வளர்ப்பு. எனக்கு என்ன வந்தது?

பெரட்டில் நடந்ததை அதே தோட்டத்துப் பையன் ஒருவன் வந்து சொன்னான். கணக்கப்பிள்ளை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். பிறகு முத்திரையை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்திருக்கிறார். பிரஷாந்தினியின் அம்மா இராக்கம்மா வரிசையில் நின்றிருக்கிறார்.

“இராக்கம்மா, இந்தா ஒனக்குக் கடிதாசி. ஒம் மகளுக்கு மண்டையில என்னமோ கோளாறாம், காலேஜுல வைத்தியம் பாக்குறாங்களாம்.”

களமே சிரித்ததாம். இராக்கம்மா உறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மலைக்குப் போய்ச் சாயந்தரம் வரைக்கும் கொழுந்து பறித்தாராம். அடுத்த நாள் பிரஷாந்தினி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மற்றத் தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேரும் கல்லூரிக்கு வந்தார்கள், ஆனால் பக்கக் கதவுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. என்னைக் கண்டால் வராந்தாவில் அந்த ஓரத்துக்கு ஒதுங்கினார்கள்.

றிஸ்னி திரும்பி வந்தபோது நான் நடந்ததைச் சொன்னேன். நேரே பணிப்பாளர் அறைக்குப் போய், யாரைக் கேட்டு அனுப்பினீர்கள் என்று கேட்டார். சத்தம் போடவில்லை. பணிப்பாளர் நல்ல எண்ணம், பெற்றோர் பங்களிப்பு, தலைமையக வழிகாட்டல் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவருடைய நல்ல எண்ணத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட வேண்டும். றிஸ்னி வெளியே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“அவருக்குத் தெரியாது. சரி. ஒங்களுக்குமா அக்கா தெரியாது?”

அந்தச் சனிக்கிழமை பசறை பஸ் ஏறி, இறங்கி, ஆட்டோ பிடித்து ஊசிமலைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. என் திமிரைப் பாருங்கள். இராக்கம்மா என்னை உட்காரச் சொல்லி, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். பிரஷாந்தினி உள் காம்பிராவை விட்டு வரவில்லை. அவளுடைய நிழல் மட்டும் கதவுக்குக் கீழே தெரிந்தது. நான் மூச்சுவிடாமல் பேசினேன். உங்கள் மகளுக்குப் பைத்தியம் இல்லை, பயம்தான், அதற்கு வழி இருக்கிறது, அவள் தைக்கத் தொடங்கிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா மாதிரி நான் பாட்டுக்கு ஒப்பித்தேன். இராக்கம்மா டம்ளரை நான் கீழே வைக்கும்வரை பொறுத்திருந்தார்.

“ஒளிச்சு வச்சதும் நீங்கதான், தமுக்கடிச்சதும் நீங்கதான். தமுக்கடிக்க எம் மககிட்ட ஒரு வார்த்த கேட்டிங்களா? ஒளிச்சு வைக்கிறப்ப எங்கிட்டயாவது வந்து சொன்னிங்களா? ஏன், இவளுக்கெல்லாம் என்ன வெளங்கப் போகுதுன்னா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படித்தானே நினைத்திருந்தேன்.

கிளம்ப எழுந்தபோது இராக்கம்மா வாசல்வரை வந்தார். குரலைத் தணித்து, அங்கே படிக்கிற பிள்ளைகளைத் தவிர வேறு ஆட்களையும் பார்ப்பார்களா என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பெரட்டில் சிரித்தவர்களில் மூன்று பெண்கள் அன்று சாயந்தரமே தண்ணீர் பிடிக்கிற பீலியில் தன்னைத் தனியாகப் பிடித்து இதையே கேட்டதாகச் சொன்னார். குளவி துரத்திய அன்றைக்கு அழகையாவோடு ஓடியவர்கள். ஒருத்தி எட்டு மாதமாக விளக்கை அணைக்காமல்தான் தூங்குகிறாளாம். ஒருத்தி அந்த மலைக்கு ஆள் பிரித்தால் ஒவ்வொரு தடவையும் வயிற்றுவலி என்று பொய் சொல்லித் திரும்பிவிடுகிறாளாம். இன்னொருத்தி என்னவென்று சொல்லவில்லையாம், அழுதாளாம்.

“நானும் நல்லா இல்ல மிஸ்” என்றார் இராக்கம்மா. “எங்கிட்ட யாரு கேட்டா?”

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சம்பளத்துக்குக் கணக்காகிற ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, நாலு பெண்களும் நல்ல சேலை கட்டிக்கொண்டு எங்கள் கல்லூரிக்கு வந்தார்கள். பின்னால் பிரஷாந்தினி. பக்கக் கதவை நான் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன், அந்தப் பக்கமே அவர்கள் வரவில்லை. முன்கேட்டால் நுழைந்து, பிள்ளைகள் நிறைந்து நின்ற வராந்தாவில் நடந்து வந்தார்கள். காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

“மனநலச் சேவைப் பிரிவு எங்க இருக்கு?” என்று இராக்கம்மா கேட்டார். மலையில் அடுத்த நிரைக்குக் குரல் கொடுக்கிறவர்களின் தொண்டை அது. வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “எம் மகளுக்குத்தான். எனக்குந்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. மற்றத் தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேரில் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். இந்தத் தடவை அவர்கள் ஓரத்துக்கு ஒதுங்கவில்லை.

பணிப்பாளர் வெளியே வந்தார். வந்ததும் சட்டம் பேசினார். சேவை பதிவு செய்த மாணவர்களுக்கு மட்டும்தானாம், வெளியாட்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குள் ஏதோ மணி அடித்திருக்க வேண்டும். தாயும் மகளும், தோட்டத்துப் பெண்கள், நல்ல சேலை. அறிக்கையில் போட இதைவிடப் படம் கிடைக்குமா? சட்டம் பறந்துபோனது. பேனரைக் கொண்டுவந்து பின்னால் பிடிக்கச் சொன்னார், போனைக் கையில் எடுத்தார். மனிதனுக்கு வெட்கம் என்று ஒரு சாமான் எங்கே விற்கும் என்று தெரிந்தால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன்.

றிஸ்னி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு ஒவ்வொருவராக நான் பார்க்கிறேன், ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு நானே கூட வருகிறேன் என்று பெண்களிடம் சொன்னார். யார் முதலில் வருகிறீர்கள் என்று கேட்டார். பிரஷாந்தினி முன்னால் வந்தாள். அன்று காலையில்தான் அவளுடைய வரவைக் கூட்டிப் பார்த்திருந்தேன். தவறிய செய்முறையும் வராத நாட்களும் சேர்ந்து, எண்பது வீதம் இனி எப்படிக் கூட்டினாலும் வராது. ஜூன் பரீட்சை போய்விட்டது, அடுத்த குழுவோடு முதலிலிருந்து படிக்க வேண்டும். அதை எப்படியாவது ஆறுதலாகச் சொல்லி, என்னையும் மன்னித்துக்கொள் என்று கேட்டுவிட வேண்டும் என்று அவளோடு சேர்ந்து நானும் உள்ளே நுழையப் போனேன். அவள் கதவில் கையை வைத்து நின்றாள். அத்தனை நாளில் முதல் தடவையாக என்னை நேரே பார்த்தாள்.

“நீங்க வெளிய இருங்க மிஸ். ஒங்ககிட்ட சொன்னது போதும்.”

கதவு சாத்திக்கொண்டது. நான் அப்படியே திரும்பி நின்றேன். பணிப்பாளர் போனோடு வந்தார். கதவைத் திறங்கள், இரண்டே நிமிடம், ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். நான் நகரவில்லை. அந்தப் பிள்ளை வெளியே வந்ததும் அவளைக் கேட்டு, அவள் சரி என்றால் எடுங்கள் என்று சொன்னேன். அவள் எங்கே சம்மதிக்கப் போகிறாள் என்று கேட்டார். அப்படியென்றால் படம் இல்லை என்றேன். மொனராகலைக்கு இடமாற்றம் போட அங்கே ஒரு இடம் காலியாக இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும் என்றார். ஞாபகம் இருக்கிறது சேர், வெயில் ஊர், உடம்புக்கு நல்லது என்றேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பிரஷாந்தினி வெளியே வந்தாள். அழுதிருந்தாள். என்னைக் கடந்து அம்மாவிடம் போனாள். நான் பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை, அதை றிஸ்னி சொல்லியிருப்பார், அல்லது அவளே விரல்விட்டு எண்ணியிருப்பாள். உள்ளே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் யோக்கியதையும் எனக்கு இல்லை.

அடுத்து ஒரு பெண் எழுந்தாள். மூவரில் யார் விளக்கை அணைக்காதவள், யார் வயிற்றுவலிக்காரி, யார் அழுதவள் என்று அவள் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் போலிருந்தது. கந்தோர் வழக்கப்படி என் கையில் பதிவேடும் பேனாவும் இருந்தன. அவள் என் முன்னால் வந்து, பெயர் சொல்லவேண்டுமா என்று பயந்து கேட்டாள்.

“வேணாம்க்கா” என்றேன். “உள்ள போங்க.”